கோயமுத்தூர் மாவட்டம் மேப்புல பச்சை, எங்க காட்டுல புழுதி: இந்த மழைக் கணக்கை எப்படிப் படிக்கறதுங்க?

சுல்தான்பேட்டை மேட்டாங்காடு (வியாழன், இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சுல்தான்பேட்டை பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கரா. ஒன்றரை ஏக்கரா தென்னை, மீதி சோளம், கொள்ளுன்னு மானாவாரி. எருமை நாலு, வெள்ளாடு ஒரு பட்டி. வூட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போயர்றாரு, பண்ணையம் நான்தான் பாக்கறனுங்க.

வானிலைத் துறை போடற மாவட்டவாரி மழை மேப்பை எம் பையன் போன்ல எடுத்துக் காட்டறான். ஜூன்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டம் பச்சைக் கலரு, 'இயல்பு'ன்னு போட்டிருக்குது. எங்க காட்டுலயோ ஆடில ஒரு மழை பேஞ்சதுதான். அதுக்கப்புறம் வெறும் காத்து. புரட்டாசிப் பட்டத்துக்கு ஓட்டிப் போடலாம்னா கொழுவு எறங்கல. கெணத்துல மோட்டாரு காமணி நேரம் ஓடுனா காத்து வாங்குது.

கேக்கறது ரெண்டே விசயம். மாவட்டம் பச்சையா இருக்கறப்ப எங்க ஊரு காஞ்சு கெடக்கறது எந்தக் கணக்குலயாவது வருமுங்களா? இன்னொண்ணு, சோளத்தட்டை இப்பவே வாங்கிப் போர் போட்டர்றதா, இல்ல ஐப்பசி மழைய நம்பி உக்காந்திருக்கறதா? நாடு பூரா நல்ல மழைன்னு டி.வி.ல சொல்லறதக் கேட்டுட்டு எங்க மாமனார் 'அவசரப்படாத'ங்கறாரு. தை மாசத்துல தட்டு வெலை எங்க போயி நிக்கும்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.


தாராபுரம் மழைநோட்டு (வெள்ளி, காலை 5.50)

அம்மிணி, பையன் காட்டுன மேப்புல தப்பு இல்ல. ஆனா அதுல உங்க காடு எங்கயுமே இல்ல.

நான் ரெவின்யூல இருந்து ரிட்டயர்டு ஆனவன். தாலூகா ஆபீஸ் வளாகத்துல இருக்கற மழைமானியைப் பாத்து எழுதற வேலை ரொம்ப நாள் எங்கிட்டத்தான் இருந்துச்சு. அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல நேரம். நாடு பூராவும் காலை எட்டரைக்குத்தான் அளவு எடுக்கறது. நேத்து எட்டரைல இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பேஞ்சது இன்னைக்குத் தேதில ஏறும். சாயங்காலம் பேஞ்ச மழை மறுநாள் கணக்குல நிக்கும். இது தெரியாம 'நேத்து அந்தக் கொட்டு கொட்டுச்சு, சைபர்னு எழுதியிருக்கறீங்க'ன்னு ஆபீசுக்கே சண்டைக்கு வந்தவங்க இருக்கறாங்க. அப்புறம் 2.5 எம்.எம். வந்தாத்தான் அது 'மழை நாள்'. தூறல் எத்தனை நாள் போட்டாலும் நாள் கணக்குல ஏறாது.

இனி உங்க பச்சைக்கு வருவோம். மாவட்ட மழைங்கறது மாவட்டத்துல இருக்கற மழைமானிகளோட சராசரி. கோயமுத்தூர் மாவட்டத்துக்குள்ள வால்பாறை, சின்னக்கல்லாறு, சோலையாறு எல்லாம் வருது. வருசத்துக்கு மூவாயிரம் எம்.எம். தாண்டற ஊருக அது. 'இயல்பு' கணக்குலயும் வால்பாறை இருக்குதே, அப்ப நேராயிருமேன்னு கேப்பீங்க. ஆகாது. ஒரு பேச்சுக்கு நாலு மழைமானின்னு வெச்சுக்குங்க. மலைல ஒண்ணு, அதுக்கு ஜூன் டு செப்டம்பர் இயல்பு 2,500 எம்.எம். சமவெளில மூணு, ஒவ்வொண்ணுக்கும் 150. மொத்தம் 2,950. மலைல சரியா 2,500 பேஞ்சுது, சமவெளி மூணுலயும் ஒரு பொட்டு இல்ல. கொறைச்சல் எவ்வளவு? 450. சதவீதத்துல 15. அப்பவும் மேப்பு பச்சைதான்! ஏன்னா 19 சதவீதம் கூடுனாலும் கொறைஞ்சாலும் 'இயல்பு'ன்னுதான் துறைல வகை பிரிச்சிருக்கறாங்க. 20ல இருந்து 59 வரைக்கும் கொறைஞ்சா 'குறைவு', 60க்கு மேல போனா 'மிகக் குறைவு'. இதுல ஒரு வேடிக்கை, குறைவுக்குச் சிவப்பு, மிகக் குறைவுக்கு மஞ்சள். மஞ்சளப் பாத்து 'சிவப்பு இல்ல, தேவலை'ன்னு நெனைக்கறவங்கதான் அதிகம். சிவப்பைவிட மஞ்சள்தான் மோசம்.

நம்ம பக்கம் இன்னொரு ஏமாத்தும் இருக்குது. மழை மறைவுப் பூமி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிக்காத்துதான் வரும், மழைய மேற்கயே எறக்கி வெச்சுட்டு வரும். அதனால ஜூன், ஜூலைல ஒரு வாரத்துக்கு இயல்பே சில எம்.எம்.தான். அந்த வாரம் 15 எம்.எம். ஒரே தூக்கா பேஞ்சா 'இயல்பை விட 200 சதவீதம் அதிகம்'னு கருநீலம் காட்டும். காட்டுல போயி மம்முட்டில கொத்திப் பாத்தா ரெண்டு வெரக்கடை ஈரம் இருக்கும். நம்மளுக்குச் சதவீதம் ஏறுனாலும் எறங்குனாலும் நம்பப்படாது. எம்.எம். எவ்வளவு, எத்தனை நாள்ல வந்துச்சு, இதுதான் பாக்கோணும். என் அனுபவத்துக்கு, செம்மண்ணுல ஒரே நாள்ல 20, 25 எம்.எம். வந்தாத்தான் ஒரு ஒழவு மழை.

டி.வி. பேச்சைச் சொன்னீங்க. நாட்டுக்கணக்கு ஜூன் டு செப்டம்பர் தென்மேற்குப் பருவமழைக்கு. அதோட இயல்பு சுமார் 87 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக்கு வருச மழைல பாதிக்குக் கிட்டக்க அக்டோபர் டு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைலதான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகோணும்னு கட்டாயமே இல்ல. 2015ல எல்நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறுன வருசம். நாட்டுல 14 சதவீதம் கொறைச்சல், நம்ம மாநிலத்துல வடகிழக்கு கொட்டித் தீத்துது. மறுவருசம் 2016ல நாட்டுல இயல்புல 97 சதவீதம், 'இயல்பான பருவமழை'ன்னு சொன்னாங்க. நம்ம வடகிழக்கு 440 எம்.எம். வரோணும், வந்தது 168. 62 சதவீதம் போச்சு. 2017 ஜனவரி 10ந் தேதி அப்ப முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதுன்னு அறிவிச்சாரு. அந்தத் தை மாசம் தட்டுக்கு நாயா அலைஞ்சது எங்க பக்கம் இன்னமும் பேச்சு.

அதனால உங்க மாமனாருகிட்ட மெதுவாச் சொல்லுங்க, நாட்டு மழை நம்ம பட்டிக்குத் தீனி போடாதுன்னு.

தட்டு விசயம்: தேவைல பாதியை இப்ப வாங்கிப் போர் போட்டுருங்க. மீதிக்கு கார்த்திகை பொறக்கற வரைக்கும் பொறுங்க. நவம்பர் பாதி தாண்டியும் ஒழவு மழை ரெண்டு வரல்லேன்னா ஆட்டைக் கழிக்க ஆரம்பிக்கலாம். எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கப்புறம் வித்தா அடிமாட்டு வெலைதான்.


கோபி வாய்க்கால் (வெள்ளி, காலை 8.25)

அய்யா சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. எங்களுக்கு ஊர்ல மழை பேஞ்சா சந்தோசம், அவ்வளவுதான். கீழ்பவானில ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கரா பாயறது பவானிசாகரை வெச்சு. 105 அடி, 32.8 டி.எம்.சி. அது ரொம்பறது நீலகிரிலயும் அட்டப்பாடி பக்கத்துலயும் பேயற மழைல. அதனால நான் ஈரோடு மாவட்ட மேப்பைப் பாக்கறதே இல்லீங்க, நீலகிரி மேப்பைத்தான் பாப்பேன். அவிநாசி, அன்னூர் பக்கம் இருக்கற சொந்தக்காரங்களும் இப்ப அப்பிடித்தான். 2024 ஆகஸ்ட்ல தொறந்த அத்திக்கடவு திட்டத்துல 1,045 கொளம் குட்டைக்குப் போற ஒன்றரை டி.எம்.சி.யும் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ போற உபரித் தண்ணிதான். பவானில உபரி வரலேன்னா கொளத்துக்கு எங்கிருந்து வரும்?

அக்கா, உங்க தென்னைக்கு பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணி வருதுங்களா? வந்தா நீங்க பாக்க வேண்டியது சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி மட்டம். வியாழக்கிழமை வியாழக்கிழமை மத்திய நீர் ஆணையம் பெரிய அணைகளோட இருப்பை, போன வருசம், பத்து வருச சராசரியோட ஒப்பிட்டுப் போடறாங்க. அமராவதிக்காரங்களா இருந்தா மூணாறு, மறையூர் மழை.


வெள்ளகோவில் கொறங்காடு (வெள்ளி, மதியம் 1.40)

ஏனுங்க, இத்தனை மேப்பு, இத்தனை சதவீதம். கொறங்காட்டு மேய்ச்சல்ல கொழுக்கட்டைப் புல்லு தலையெடுத்துச்சா இல்லையான்னு வேலி ஓரம் நின்னு பாத்தாத் தெரியாதுங்களா? எங்கய்யன் எந்த மேப்பைப் பாத்து மாடு வெச்சிருந்தாரு? வறட்சின்னு அறிவிக்கறது சர்க்காரு மனசு வெச்சாத்தான். அதுக்குள்ள நம்ம மாடு சந்தைக்குப் போயிருக்கும்.


ஆழியாறு தென்னை (வெள்ளி, இரவு 10.05)

நான் பொள்ளாச்சிக்காரன், பெங்களூர்ல மென்பொருள் வேலை, தோட்டம் அப்பா பாக்கறாரு. அக்கா கேட்ட 'எங்க ஊரு எந்தக் கணக்குல வரும்'ங்கறதுக்கு என்னால ஆனது.

சதவீதத்தைவிட எஸ்.பி.ஐ.ன்னு (Standardized Precipitation Index) ஒரு மழைக் குறியீடு தேவலை. 1993ல அமெரிக்காவுல கொலராடோவுல உருவாக்குனது, 2009ல உலக வானிலை அமைப்பு எல்லா நாடும் இதைப் போடட்டும்னு சொல்லிருச்சு. இத்தனை வருசத்து மழையையும் வரிசையா நிக்க வெச்சா இந்த வருசம் எந்த எடத்துல நிக்குதுங்கறதுதான் அது. சைபர் நடு. மைனஸ் 1க்குக் கீழ போனா மிதமான வறட்சி, மைனஸ் 1.5 கடுமை, மைனஸ் 2 மிகக் கடுமை. மழை எப்பவும் கம்மியா பேயற ஊரு, எப்பவும் அதிகமா பேயற ஊரு ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்கலாம், அதுதான் இதோட வசதி. எத்தனை மாசக் கணக்குன்னு பாத்துக்கோணும். ஒரு மாசம், மூணு மாசம்னா காட்டு ஈரம், வெள்ளாமை. பன்னெண்டு மாசம்னா கெணறு, போர்வெல், அணை. உங்க கெணறு காத்து வாங்குதுன்னா மூணு மாசத்தைப் பாத்துப் பிரயோசனமில்லீங்கக்கா, பன்னெண்டைப் பாருங்க.

வானிலைத் துறை இதையும் மாவட்ட வாரியாத்தான் போடுது, அங்கயும் வால்பாறை வந்து உக்காந்துக்கும். ஆனா துறைகிட்ட 1901ல இருந்து கால் டிகிரி கட்டம் கட்டமா மழைத் தரவு இருக்குது. ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர். சுல்தான்பேட்டையும் வால்பாறையும் வேற வேற கட்டத்துல வரும். கட்டம் போட்ட வறட்சி மேப்பை காந்திநகர் ஐ.ஐ.டி. வெளியிடறாங்க. அதைப் பையனை எடுக்கச் சொல்லுங்க.

சாட்டிலைட்டுல பச்சையம் பாத்துச் சொல்லற முறையும் 1989ல இருந்தே இருக்குது, இப்ப டெல்லில இருக்கற மகலனோபிஸ் பயிர்க் கணிப்பு மையம் நடத்துது. நம்ம பக்கத்துக்கு அதை நான் பாதிதான் நம்புவேன். மேல இருந்து பாத்தா எங்க தோப்பு எப்பவும் பச்சைதான். தென்னை உடனே காட்டிக் குடுக்காது. குரும்பை கொட்டும், காய் சிறுக்கும், காஞ்ச வருசத்தோட அடி அடுத்த ரெண்டு வருசக் காய்ப்புலதான் தெரியும். சீமைக்கருவேல முள்ளும் அப்பிடித்தான், எந்த வறட்சிலயும் பச்சையா நிக்கும்.


தாராபுரம் மழைநோட்டு (சனி, காலை 6.15)

தம்பி நல்லா வெவரமாச் சொல்லியிருக்காப்ல. எனக்கு எஸ்.பி.ஐ. எல்லாம் ரிட்டயர்டு ஆனப்புறம்தான் தெரியும்.

வெள்ளகோவில் மாப்ள, புல்லைப் பாத்தா உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா வேலியோரம் நின்னு பாத்ததை எந்த ஃபைல்ல வெப்பீங்க? வறட்சின்னு அறிவிக்கறது மாநிலம், வானிலைத் துறை இல்ல. அது மனசு மட்டும் இல்ல, வழிமுறையும் இருக்குது. மத்திய வேளாண் அமைச்சகத்தோட 2016 வறட்சிக் கையேட்டுல படிப்படியாப் போட்டிருக்குது. மொதல்ல மழைக் கொறைச்சலும், தொடர்ந்து மூணு நாலு வாரம் வாராவாரம் இயல்புல பாதிகூட மழை இல்லாம காஞ்சு கெடந்த காலமும் இருக்குதான்னு பாக்கோணும். இருந்தா அடுத்தது வெதைச்ச பரப்பு, சாட்டிலைட்டு பச்சையம், மண் ஈரம், அணை, நெலத்தடி நீரு. அதுக்கப்புறம் பாதிச்ச ஊர்கள்ல நூத்துக்குப் பத்து ஊருக்கு நேர்ல போயிப் பாக்கோணும். காரீப்புக்கு (தென்மேற்குப் பருவ வெள்ளாமை) அக்டோபர் 30க்குள்ள, ராபிக்கு (குளிர்கால வெள்ளாமை) மார்ச் 31க்குள்ள அறிவிக்கோணும்னு கெடு. மொதல் படி மழைமானி. அங்கயே நம்பர் தப்பாப் போச்சுன்னா மத்த படி எல்லாம் வீண்.

அந்த மழைமானி லட்சணத்தையும் சொல்லிர்றேன். நான் ஒரு ஆபீசுக்கு மாத்தலாகிப் போனேன், எந்த ஊருன்னு வேண்டாம். மழைமானிக்கு மேல வேப்பமரம் குடை புடிச்சு நிக்குது. புனல்ல எலை அடைச்சுக் கெடக்குது. பக்கத்துல இருக்கற மரம், கட்டடத்தோட உயரத்துக்கு ரெண்டு பங்கு தூரம் தள்ளி வெக்கோணும்ங்கறது விதி. ஜீப் நெழல்ல நிக்கோணும்னு நட்ட மரமாம். மரத்தை வெட்ட மனசில்லாம நான் மழைமானியைத் தள்ளி வெக்கச் சொன்னேன், அதுக்கு ஒரு ஃபைலு, அந்த ஃபைலு அடுத்த மழைக்காலத்துலதான் திரும்பி வந்துச்சு. அத்தன நாளும் அந்த வட்டாரத்து மழைன்னு மேல போனது வேப்பங்கொழை தடுத்தது போக மிச்சம். இப்ப வேளாண் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு வட்டாரம் தானியங்கி நிலையம் வெச்சிருக்குது, ஆள் போயிப் பாக்க வேண்டியதில்ல. எலை விழுந்தா அதுவும் அடைக்கும், அதைத் தொடைக்க ஆள் வேணும்.

அதனால அம்மிணி, நீங்களே காட்டுல ஒண்ணு வெச்சுக்குங்க. அடி தட்டையா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கற பாத்திரம் எதுன்னாலும் சரி. பெயிண்டு டப்பா வேண்டாம், வாய்ல மடிப்பு இருக்கும். ஸ்கேலை உட்டு நிக்கற தண்ணிய அளந்தா அதான் எம்.எம். பாத்திரம் பெருசோ சிறுசோ, உசரம் ஒண்ணாத்தான் வரும். ஒரு எம்.எம்.ன்னா சதுர மீட்டருக்கு ஒரு லிட்டரு, 10 எம்.எம். பேஞ்சா ஏக்கராவுக்கு நாப்பதாயிரம் லிட்டரு எறங்குச்சுன்னு அர்த்தம். தென்னைக்குத் தள்ளி, வெட்டவெளில வைங்க. அதுக்காகக் காத்து மோதற மேட்டுல வெச்சறாதீங்க, துளி சாஞ்சு வெளிய போயிரும், கம்மியாக் காட்டும். நம்ம பக்கத்துக் காத்துக்கு இது முக்கியம். எருமை முட்டாத எடமாவும் இருக்கோணும். காலைல எட்டரைக்கு அளந்து தேதி போட்டு எழுதுங்க. மழை இல்லாத நாளும் சைபர்னு எழுதோணும். வெத்து எடம் உட்டா, மழை இல்லையா நீங்க பாக்கலையான்னு பின்னால யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டை வெச்சு சர்க்காரு அறிவிச்சிராது, அப்பிடி நெனைக்காதீங்க. ஆனா வேளாண்மை ஆபீசுல போயி 'காஞ்சு போச்சு'ன்னு சொல்லறவங்களுக்கும், 'புரட்டாசி மாசம் பூரா மொத்தம் ஒம்போது எம்.எம்., அதுவும் மூணு தடவையா'ன்னு நோட்டை விரிக்கறவங்களுக்கும் கெடைக்கற பதிலே வேற. நான் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், அதான் சொல்லறேன்.


சுல்தான்பேட்டை மேட்டாங்காடு (சனி, இரவு 8.45)

அய்யாவுக்கும் மத்தவங்களுக்கும் ரொம்ப நன்றிங்க. நாலு மழைமானிக் கணக்கை மாமனாருகிட்ட நோட்டுல போட்டே காட்டுனேன். 'வால்பாறைக்காரன் மழை நமக்கெதுக்கு எழுதறான்'னு ரெண்டு மூணு தடவை கேட்டாரு, அப்புறம் தட்டுக்கு அவரே போன் போட்டுட்டாரு. பல்லடம் பக்கத்துல இருந்து ஒரு லோடு திங்கக்கெழமை வருது.

பி.ஏ.பி. தண்ணி எங்களுக்கு உண்டுங்க தம்பி, மண்டலம் சுத்தி வரோணும், எங்க மொறை இன்னும் வரல. திருமூர்த்தி மட்டத்தைப் பையன் குறிச்சு வெச்சுக்கறேன்னுட்டான். காந்திநகர் மேப்பும் எடுத்தான். எங்க கட்டம் பச்சை இல்ல.

ஆடு விசயத்துல ஒரே சந்தேகமுங்க. கெடா நாலு தனியா நிக்குது. அதுகளையும் கார்த்திகை வரைக்கும் வெச்சிருக்கறதா?


வெள்ளகோவில் கொறங்காடு (சனி, இரவு 9.30)

அக்கா, இதுக்கு மேப்பு வேண்டாம், நான் சொல்லறேன். புரட்டாசில பாதிப் பேரு கவுச்சி திங்க மாட்டாங்க, இப்ப வித்தா வெலையக் கொறைச்சுத்தான் கேப்பானுக. ஐப்பசி பொறந்து தீபாவளிக்கு முந்துன சந்தைக்குக் கெடாயை மட்டும் கொண்டு போங்க. கார்த்திகைல மறுபடி மாலை போட்டுருவாங்க, அதுவரைக்கும் நிறுத்தாதீங்க. பொட்டை ஆட்டுல வயசானதப் பாத்துக் கழிங்க, மொதல் ஈத்துக் குட்டிகளை எப்பிடியாச்சும் காப்பாத்தீருங்க. வெள்வேலங் காய் காங்கேயம் பக்கம் வாங்கலாம், தட்டோட சேத்துப் போட்டா ஆடு தாங்கும்.

அப்புறம் அய்யா, அந்தப் பாத்திரத்தை எங்க கொறங்காட்டுல எங்க வெக்கறதுங்க? பூரா காத்துதான்.


தாராபுரம் மழைநோட்டு (ஞாயிறு, காலை 6.00)

கிளுவை வேலி இருக்குதல்ல மாப்ள? வேலி உசரத்துக்கு ரெண்டு பங்கு உள்ள தள்ளி வைங்க, காத்தைக் கொஞ்சம் அது தடுக்கும். பாத்திரத்தைப் பாதி மண்ணுல பொதைச்சு, வாய் மட்டும் ஒரு அடி மேல தெரியட்டும். சுத்தி நாலு கல்லு போட்டு மாடு வராமப் பாத்துக்குங்க.